பல்லுப் பார்த்த மாடு

புதன்கிழமை பின்னேரம் அஸருக்கு முன் மாடு வந்துவிடும் என்று றவூப் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வளவின் மூலையில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், பாலைக் கட்டை ஒன்றை நட்டு, ஆட்டிப் பார்த்து, மண் போட்டு இறுக்கியாகிவிட்டது. புதுக் கயிறு வாங்கி, முரடு போகத் தேங்காய் எண்ணெய் தடவி, கட்டையில் சுற்றி வைத்திருந்தார். சொறிக்கல்முனைப் பக்கம் வரம்பில் அறுத்துவந்த புல் இரண்டு கட்டு, ஈரச் சாக்கு மூடிக் கிடந்தது. தண்ணீருக்கு ஒரு வாளி, தவிட்டுக்கு ஒரு வாளி. மாப்பிள்ளை வருகிற வீடு போல எல்லாம் ஆயத்தமாக இருந்தது. மாடுதான் இல்லை.

கச்சான் காற்று காலையிலிருந்தே விடாமல் அடித்தது. வயல் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று கரைக்கு வந்து சேரும்போது ஈரமெல்லாம் போய் வெறும் சூடாகத்தான் இருக்கும். உதட்டைக் காய வைக்கும், காரணமில்லாமல் மனிதனுக்குக் கோபம் வர வைக்கும். றவூப் வளவு வாசல் கடப்படியில் கதிரையைப் போட்டு, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஒன்று மணல் லொறி, ஒன்று சோடா லொறி. அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் எட்டிப் பார்த்து விசாரித்தபோது, வந்துகொண்டிருக்கிறது என்றார். பொழுதுபட மஃரிபுக்குப் போகிறவர்கள் கேட்டபோது மகியங்கனைக்கு இந்தப் பக்கம் லொறியின் டயர் வெடித்துவிட்டதாம் என்றார். அந்த டயரை வெடிக்க வைத்தது அவரேதான். மாடு விற்றவனின் போன் மத்தியானத்திலிருந்து வேலை செய்யவில்லை. றவூப் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல வரவில்லை. மாட்டுத் தரகருக்கு அப்படியொரு பெருமை கிடைக்காது. ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவர் கேட்டவரின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தது அன்றுதான்.

றவூபுக்கு வயது அறுபத்தொன்று. சாய்ந்தமருதில் வீடு. முப்பது வருடம் மாட்டுத் தரகு. முழங்கால் தேய்ந்த பிறகு கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற சின்னக் கடை. இந்தக் கரையில் அவர் கை போகாத மாட்டு வாய் இல்லை. இடது கையால் மூக்கைப் பிடித்து, வலது கையால் கீழ் உதட்டை இழுத்து, பல்லைப் பார்த்து வயது சொல்லுவார். மாதக் கணக்கில் பிசகாது. தானம் கொடுத்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனிசன் என்று சந்தையில் அவரைக் கேலி செய்வார்கள். அவர் கோபிப்பதில்லை. அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூர ஒரு ருசி.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். தனியாக வாங்க வசதியில்லாத ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு மாட்டை அறுத்துக் குர்பான் கொடுப்பது இங்கே வழக்கம். அந்த மாட்டுக்குச் சட்டம் உண்டு. இரண்டு வயது நிரம்ப வேண்டும். பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால்தான் அதற்குச் சாட்சி. நொண்டி ஆகாது, குருடு ஆகாது, காது அறுந்தது ஆகாது. பதினெட்டு வருடமாக அந்த ஏழு பங்கு மாட்டைப் பார்த்து வாங்குவது றவூபின் வேலை. ஏழில் ஒரு பங்கு அவருடையது. அவர் சரி என்றால் ஏழு வீட்டிலும் சரி. மாட்டை வந்து பார்க்கக்கூட மாட்டார்கள்.

இந்த வருடம் ஏழாவது பங்குக்கு வந்தவள் சிபானா. மூன்று வளவு தள்ளி, கடற்கரைப் பக்கமாக இருக்கிறாள்; றவூபை அண்ணன் முறையில் காக்கா என்பாள். புருஷன் தோணியோடு கடலில் போய் எட்டு வருடம். இடியப்பம் அவித்து விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முதல் இறைச்சிப் பை றவூபின் வீட்டிலிருந்துதான் அவளுக்குப் போகும். போன பெருநாள் முடிந்த கையோடு ஒரு பால்மா டின்னின் மூடியில் கத்தியால் கீறி, இடியப்பக் காசில் தினமும் கொஞ்சம் போட்டு வந்திருக்கிறாள். இந்த வருடம் அந்த டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"எல்லா வருசமும் வாங்கித் திண்ட கை காக்கா. இந்த வருசம் நானும் குடுக்கிற பக்கம் நிக்கப் போறன்."

றவூபின் பெண்சாதி ஹாஜறா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நல்ல மாடாகப் பார்க்க வேண்டும் என்று றவூப் அன்று மனதுக்குள் நினைத்தார். அந்த நினைப்பில் கள்ளம் ஒன்றும் இல்லை.

முன்பெல்லாம் பட்டி பட்டியாக அலைந்து மாடு தேடுவார்கள். இப்போது மாடு போனுக்கு வருகிறது. மகள் நஸ்லியாவின் போனில்தான் அந்தச் செவலை நாம்பன், இளங்காளை, வந்தது. வீடியோவில் ஒரு கை அதன் வாயைத் திறந்து காட்டியது. முன்னால் இரண்டு பல், அரிசி போல வெள்ளை. பிறகு காது இரண்டையும் விரித்துக் காட்டியது. கண்ணைக் காட்டியது. பிறகு நடத்திக் காட்டியது. நான்கு காலும் அளந்து வைத்த மாதிரி நடந்தது. றவூப் என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே அந்த மாடு சொல்லிவிட்டது. மனிதர் விழுந்தது அங்கேதான். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். சோறு தின்னும்போதும் பார்த்தார். அந்தக் கையைத் தவிர மனிதனில் ஒரு துண்டும் வீடியோவில் இல்லை. அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

விற்றவன் தன் பேர் ஸஹீத் என்றான். குரல் செய்தியாகத்தான் பேசினான். ஸலாம் சொல்லாமல் ஒரு செய்தியும் தொடங்கவில்லை, துஆச் செய்யுங்க காக்கா என்று கேட்காமல் ஒன்றும் முடியவில்லை. வந்து பார்க்கத்தான் சொன்னான். ஆனால் இடம் மகாவலிப் பக்கம், காட்டுப் பாதை, உங்கட முழங்காலோட கஷ்டப்பட வேண்டாம் என்று அவனே இரக்கப்பட்டான். முழங்கால் கதையை அவனுக்குச் சொன்னது றவூப்தான். முற்பணம் போடச் சொன்ன கணக்கு ஒரு பெண்ணின் பேரில் இருந்தது. மச்சியின் கணக்கு என்றான். றவூபுக்கு ஒரு கணம் உறுத்தியது. ஆனால் இன்னொருவன் வீட்டுப் பெண்ணின் பேரைப் பிடித்து ஆர், எவர் என்று துருவுவது மரியாதைப்பட்ட ஆம்பிளை செய்கிற வேலையா? விட்டுவிட்டார்.

பணம் போட்ட அன்று பின்னேரம் மற்ற ஆறு வீட்டாரையும் கூப்பிட்டார். பிளேன்டீயும் மாசிச் சம்பல் ரொட்டியும் கொடுத்து, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து மாட்டைக் காட்டினார். பெண்கள் உள்வாசலில் நின்று பார்த்தார்கள். சிபானா இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு றவூப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏழு பங்குக்காரரின் பேரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். இன்னார் பேரில் குர்பான் என்று மாட்டுக்குப் பேர் வைத்தாயிற்று. பேர் வைத்த மாட்டை மாற்றக்கூடாது, அது குர்பானுக்கென்று ஒதுங்கிவிட்டது என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசாதே என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்று அதை ஒருவரும் நினைக்கவில்லை.

அந்தச் சந்தோசத்தில் பேர் வைத்த கதையையும் அவனுக்குச் சொன்னார். அதற்குப் பிறகு ஸஹீதுக்கு வேலை லேசாகிவிட்டது. மாடு ஏற்றப் பெர்மிட்டுக்கு என்று ஒருமுறை கேட்டான். லொறிக்காரன் முன்காசு கேட்கிறான் என்று இன்னொருமுறை கேட்டான். கடைசியில் மாட்டின் மிச்ச விலையையும் கேட்டான். அந்தமுறை றவூப் இழுத்தடித்தபோது அவன் அனுப்பிய குரலை அவர் இன்னும் மறக்கவில்லை.

"காக்கா, நீங்க பேரு வெச்ச மாடு. அத நான் வேற ஆளுக்குக் குடுத்தா, நாளைக்கு மஹ்ஷர்ல அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுற? எனக்கு ஏலா காக்கா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

றவூப் கல்முனைக்கு பஸ் ஏறிப் போய் மிச்சத்தையும் போட்டுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லக்கூடிய ஆள் அதே வளவில்தான் இருந்தான். மருமகன் இன்பாஸ் கல்முனையில் போன் கடை வைத்திருக்கிறான். நாளெல்லாம் ஊராரின் போனைத் திறந்து மூடுகிறவன். ஆனால் இந்தப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று; முன்வீட்டில் மகளும் மருமகனும், பின்னால் இரண்டு அறையில் தாயும் தகப்பனும். மாமனும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது குறைவு. சொல்ல வேண்டியதை நஸ்லியா இங்கிருந்து அங்கே கொண்டு போவாள், அங்கிருந்து இங்கே கொண்டு வருவாள். வீடு கொடுத்த மாமன் மருமகனிடம் போய் யோசனைக்குக் கை நீட்டுவதா என்று றவூபுக்கு ஒரு எண்ணம். அதிலும் மாட்டு விசயத்தில்.

வியாழக்கிழமை காலையில் இன்பாஸ் பின்வளவுக்குத் தானாக வந்தான். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவன் அந்தப் பக்கம் வந்தது எண்ணி இரண்டு மூன்று தடவைதான். அவனைக் கண்டதும் ஹாஜறா முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். றவூப் கட்டைக்குப் பக்கத்தில் நின்று புல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். இன்பாஸ் போனை நீட்டினான். அதே செவலை நாம்பன், அதே கை, அதே இரண்டு பல். எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு பண்ணைக்காரரின் இணையப் பக்கத்தில் இருந்தது.

"மாமா, இது போன வருசத்து வீடியோ. இவங்கட வீடியோவ எடுத்துத்தான் அவன் போட்டிரிக்கான்."

"இந்த மாடுதானே?"

"ஓம் மாமா. இந்த மாடுதான். போன ஹஜ்ஜுக்கே வித்து அறுத்தாச்சி. கீழ எழுதியிரிக்காங்க."

றவூப் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார்.

"அப்ப, இந்தப் பல்லு?"

அவர் அதைக் கேட்டார் என்பதைப் பிறகு நஸ்லியா நினைத்து நினைத்து அழுதாள். இன்பாஸ் சிரிக்கவில்லை.

"பல்லு உண்மதான் மாமா. மாடும் உண்மதான். வித்தவன்தான் பொய்."

பத்து நாளாக மனதுக்குள் தவிடு காட்டித் தடவிக் கொடுத்த மாடு, ஒரு வருடத்துக்கு முன்னே யாரோ தின்று செமித்த மாடு. றவூப் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் புல்லின் மேல் முழுவதுமாகக் கவிழ்த்தார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று இன்பாஸ் பிடிவாதமாக நின்றான். கொடுத்தால்தான் கணக்கை மறிக்கக் கேட்கலாம் என்றான். பொலிஸில் எழுதிய உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கேட்டார். பேர் கேட்டார், வயது கேட்டார், தொழில் கேட்டார். முப்பது வருடமாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன தொழிலை றவூப் அங்கே சொல்லவில்லை. தவிட்டுக் கடை என்றார். கணக்கின் பேரும் ஆளின் பேரும் வேறு வேறாக இருந்ததே, கேட்கவில்லையா என்றார் உத்தியோகத்தர். றவூப் மேசையில் இருந்த பேனை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் இன்பாஸ் முன்னால் பார்த்தபடியே மெல்லச் சொன்னான். நேரே வீடியோ கோல் எடுத்து, மாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று முகத்தைக் காட்டச் சொன்னால் அன்றைக்கே அவன் ஓடியிருப்பானாம். மாடு வந்து இறங்கிய பிறகு காசு என்று ஒரு சொல் சொன்னாலும் ஓடியிருப்பானாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் றவூபுக்கு வலித்தது.

வீட்டில் ஹாஜறா அழுது முடித்திருந்தாள். அவள் கையிலிருந்த இரண்டு காப்பும் மேசையில் இருந்தன. சவர்க்காரம் போட்டுக் கழற்றியிருக்கிறாள். மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

"ஒருத்தரும் அறியத் தேவல்ல. இத வித்துப்போட்டு, மருமகனையும் கூட்டிப் பெய்த்து வேற மாடொண்டு புடிச்சி வாங்க. செவல நாம்பனா இரிந்தா நல்லம்."

"அது வேற மாடெண்டு தெரியாதா புள்ள?"

"ஆரு பல்லப் பாக்கப் போறா? நீங்க சொன்னாச் சரிதானே ஆக்களுக்கு."

அவள் ஆறுதலுக்குத்தான் அதைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அரபா நாள். பெருநாளுக்கு முந்தின அந்த நாளில் பாதி ஊர் நோன்பு பிடிக்கும், றவூபும் பிடித்திருந்தார். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு இன்பாஸின் பின்னால் ஏறிக்கொண்டார். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் சிறுபோக வேளாண்மை பச்சையாகக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். மடையை மறித்துக்கொண்டு நின்ற ஒருவர் றவூபைக் கண்டு கையைத் தூக்கி, மாடு வந்திட்டா காக்கா என்று கேட்டார். அங்கேயும் கதை போயிருக்கிறது. றவூப் கையை மட்டும் தூக்கினார்.

வரிப்பத்தான்சேனையில் சாலிஹ் என்ற பட்டிக்காரனை அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். நெற்காணியும் மாட்டுப் பட்டியும் அவனுக்கு. பட்டியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. பல்லுப் போட்டது எல்லாம் போன கிழமையே போய்விட்டது, பெருநாளுக்கு முதல் நாள் வந்து மாடு கேட்டால் எங்கே போவேன் என்றான் சாலிஹ். பிறகு மூலையில் நின்ற ஒன்றைக் காட்டினான். செவலை. நெஞ்சு அகலம், உடம்பு வளர்த்தி. விலையும் காப்புக்கு அடங்குகிற விலைதான்.

றவூப் போய் இடது கையால் மூக்கைப் பிடித்தார். வலது கையால் கீழ் உதட்டை இழுத்தார். வரிசையாகப் பால்பல், சின்னச் சின்னதாக. ஒன்றுகூட ஆடவில்லை. ஒன்றரை வயது, அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. கையை எடுக்கப் போனபோது கன்று அவருடைய இரண்டு விரலை நாக்கால் வளைத்துப் பிடித்துச் சூப்பத் தொடங்கியது. உடம்பு பெருத்திருந்தாலும் அதற்கு இன்னும் தாய்ப்பால் ஞாபகம் போகவில்லை.

"பல்லுப் போடல்ல சாலிஹ்."

"தெரியும் காக்கா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இறைச்சியில பல்லா இரிக்கப் போகுது? நீங்க சரியெண்டு சொன்னா, கல்முனையில ஆரு உங்கள மறிச்சிக் கேக்க?"

உண்மைதான். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்காத அந்த நம்பிக்கையைத்தான் முப்பது வருடமாகச் சம்பாதித்து வைத்திருந்தார். ஏழு பேரும் தொழுதுவிட்டு வந்து, பேர் சொல்லி அறுத்து, பங்கு பிரித்து, சந்தோசமாகப் போவார்கள். சிபானா தன் பங்கைப் பைகளில் போட்டு வீடு வீடாகக் கொடுப்பாள். அது குர்பான் இல்லை, வெறும் இறைச்சி என்பது றவூபுக்கும் சாலிஹுக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரியும்.

றவூப் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். இதை ஒளிப்பானேன், சொல்லத்தான் செய்தார். கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு பட்டி வாசல் வரைக்கும் நடத்தி வந்தார். கன்று ஒரு முரண்டும் பிடிக்காமல், அவர் கையை மோந்துகொண்டே கூட வந்தது. இன்பாஸ் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மாமா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நிற்கிற முகம். பத்து நாளைக்கு முன்னால் போனில் வந்த கையைப் பார்த்துத் நானும் இப்படித்தானே நின்றேன் என்று அப்போது றவூபுக்குப் பட்டது. ஸஹீதுக்கும் தனக்கும் நடுவில் ஒரு பட்டி வாசல்தான் மிச்சம் இருந்தது.

கயிற்றைச் சாலிஹின் கையில் கொடுத்தார்.

"மகன், இது ஆகாது. வாங்க போவம்."

மருமகனை அவர் மகன் என்று நேரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி நடந்தார்கள்.

ஜும்ஆவுக்குப் பிறகு வீடு வீடாகப் போனார். மற்ற ஆறு பங்குக்காரருக்கும் அவரே சொல்ல வேண்டும். நஸ்லியாவை அனுப்பிச் சொல்கிற கதை இல்லை இது. முதல் போன வீட்டில் பங்குக்காரர் றுமைஸ் மாஸ்டர் கதிரை போட்டு உட்கார வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, கையில் இல்லாத மாட்டுக்கு ஆர் காக்கா பேர் வைக்கச் சொன்னது, உங்களுக்குச் சொந்தமாகாத மாட்டை ஒதுக்கி வைக்க ஏலாதே, ஒரு மௌலவியைக் கேட்டிருந்தால் அந்த மிச்சக் காசாவது தப்பியிருக்குமே என்றார். அது றவூபின் மண்டையில் விழுந்த இரண்டாவது அடி. இன்னொரு வீட்டில் நிற்க வைத்தே கேட்டார்கள். உண்மையில் காசை அனுப்பினாரா என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சந்தேகப்பட்டது. றவூப் வங்கித் துண்டுகளை எடுத்து நீட்டினார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முழங்கால் விடவில்லை. அந்த வீட்டுக்காரரே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடப்பை மூடினார். ஐந்து வீட்டிலும் ஒரே வாக்கைச் சொன்னார்: காப்பை விற்று, கடையில் உள்ளதையும் போட்டு, அவரவர் பங்கைத் திருப்பித் தருவேன்.

சிபானாவின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். அவள் குசினித் தாவாரத்தில் உரலைப் பிடித்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். நோன்பு திறக்க வந்த ஓடர்கள். தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. அடுப்புப் புகையும் கச்சான் சூடும் சேர்ந்து கண்ணை எரித்தன. றவூப் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டயர் வெடிக்கவில்லை என்றார். லொறியே இல்லை என்றார். காலையில் வரிப்பத்தான்சேனையில் கயிற்றைப் பிடித்ததையும் சொன்னார். மற்ற வீடுகளில் அதைச் சொல்லவில்லை. அவள் பிழிவதை நிறுத்தவில்லை. தட்டு நிறைந்து, அடுத்த தட்டும் நிறைந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"மாட்டுட முகத்த எங்க எல்லாருக்கும் காட்டின நீங்க காக்கா. அந்த மனிசன்ட முகத்த நீங்க பாத்தயா?"

"இல்ல."

"ஒரு தரமும்?"

"இல்ல புள்ள."

"நான் கடனுக்கு இடியப்பம் குடுக்கிறண்டாலும் மூஞ்சப் பாத்துத்தான் காக்கா குடுக்கிற."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று றவூபுக்கு இருந்தது. முதல் திருப்புகிற காசு உன்னுடையதுதான் என்று சொல்லப் பார்த்தார். அது வாய்க்குள்ளேயே கிடந்தது. ஏனென்றால் அவளுடைய டின்னில் இருந்தது காசு மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அடுத்த மா உருண்டையை உரலுக்குள் வைத்து அமுக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

பெருநாள் காலையில் தக்பீர் முழக்கம் ஊரெல்லாம் கேட்டது. றவூப் தொழுகைக்குப் பின்வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்த கையோடு ஒருவரையும் கட்டித் தழுவாமல் வந்துவிட்டார். நட்ட கட்டையும் சுற்றின கயிறும் அப்படியே நின்றன. புல் மஞ்சளித்து மணக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வளவுகளில் அறுக்கிற சத்தம், கத்தி தீட்டுகிற சத்தம். பத்து மணிக்கெல்லாம் தெருவில் இறைச்சிப் பைகள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தன. றவூபின் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. பகை ஒன்றும் இல்லை. குர்பான் கொடுக்கிற வீடு அது, அங்கே யார் இறைச்சி அனுப்புவார்கள்? விசயம் தெரிந்த ஐந்து வீட்டிலும் இந்த வருடம் இறைச்சி இல்லை. முன்வீட்டில் நஸ்லியா கோழி சமைத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். பசியில்லை என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் லுஹருக்குக் கொஞ்சம் முன் கடப்படியில் ஸலாம் கேட்டது. சிபானா. பெருநாள் உடுப்பு உடுத்து, கையில் மூடித் தட்டோடு ஒரு கோப்பை வைத்திருந்தாள். உள்ளேயிருந்து ஆணத்தின் மணம் வந்தது, கறிவேப்பிலையும் கறுவாவும் போட்ட இறைச்சி ஆணம். ஹாஜறா ஓடி வந்தாள். றவூப் கதிரையிலிருந்து எழும்பினார், ஆனால் முன்னுக்கு வரவில்லை. எல்லா வருடமும் அந்த இடத்தில் நின்று பையை நீட்டுகிறவர் அவர்.

எனக்கு நாலைந்து வீட்டால் வந்தது என்றாள் சிபானா. பிள்ளைகளுக்கு அளவாக வைத்துவிட்டேன் என்றாள். ஹாஜறா கோப்பையை வாங்கக் கை நீட்டியபோது அவள் கொடுக்கவில்லை.

"காக்காட கையில தாறன் ராத்தா. முதல்ல காக்காட வீட்டுக்குக் குடுக்கிறெண்டு மனசில நிய்யத்து வெச்சிரிந்த. மாடு வராட்டியும் நிய்யத்து என்டதானே."

றவூப் வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். கோப்பை சூடாக இருந்தது. விட ஏலாது, பிடித்துக்கொண்டும் நிற்க ஏலாது. தலையைக் குனிந்துகொண்டார்.

வெறும் கோப்பை திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஹாஜறா அவசரமாக உள்ளே போய்ச் சீனி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது. சிபானா கடப்பைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"கோப்பைய பொறகு எடுக்கன் ராத்தா. உள்ளுக்க ஒண்டும் போட்டுத் தராதீங்க. இது நான் குடுத்த."

ஹாஜறா சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். றவூப் பிஸ்மி சொல்லி, குனிந்த தலை நிமிராமல், கோப்பையில் இருந்ததை ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் தின்றார். எப்படி இருக்கிறது, நல்ல மாடா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு ஹாஜறா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியா புள்ள," என்றார் றவூப்.